ஆன்லைனில் படித்து ஆர்க்கிடெக்ட் ஆக முடியுமா? இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



விழுப்புரத்தில் ஒரு பில்டரிடம் சைட் இன்ஜினியராக இருக்கீங்க. இல்லைன்னா திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆபீஸில் உட்கார்ந்து ஆட்டோகேடில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிறீங்க. மாதம் 25,000 ரூபாய் சம்பளம். நீங்க வரைந்த பிளானில் சென்னையிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் வந்து நாலு கோடு மாற்றிவிட்டு, உங்க மூணு மாசச் சம்பளத்தை ஃபீஸாக வாங்கிட்டுப் போறார். "நாமும் ஆர்க்கிடெக்ட் ஆயிட்டா என்ன?" என்று தோன்றுவது இயல்புதான். அன்றைக்கு ராத்திரி போனை எடுத்தால், "வேலையை விடாமல் ஆன்லைனில் ஆர்க்கிடெக்சர் பட்டம்" என்று விளம்பரம் வந்து நிற்கும். கூடவே மாதத் தவணை வசதியும் இருக்கும்.

சுத்தி வளைக்காம பதிலை முதல்லயே சொல்லிடறேன். இந்தியாவில் ஆன்லைனில் படித்து ஆர்க்கிடெக்ட் ஆக முடியாது. பி.ஆர்க்கும் சரி, எம்.ஆர்க்கும் சரி, ஆன்லைன் வழியிலோ அஞ்சல் வழியிலோ நடத்தவே அனுமதி இல்லை. அதற்காகக் கட்டடக்கலையை ஆன்லைனில் கற்கவே முடியாது என்று அர்த்தமில்லை. கற்பது வேறு, பட்டம் வேறு, லைசென்ஸ் வேறு. இந்த மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பித்தான் உங்ககிட்ட விற்கிறாங்க. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், எதுக்குப் பணம் போடலாம், எதுக்குப் போடக்கூடாதுன்னு தெளிவாகிவிடும்.

சட்டம் என்ன சொல்லுது?

1972-ம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் வந்தது. அதன்படி ஆர்க்கிடெக்ட் என்றால், கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் பதிவேட்டில் பெயர் உள்ளவர். அவ்வளவுதான். எவ்வளவு அழகாக வரைகிறார், எத்தனை வீடு கட்டியிருக்கிறார் என்பதெல்லாம் அந்த வரையறைக்குள் வராது. பதிவேட்டில் பெயர் ஏற வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் வேண்டும். அந்தப் பட்டம்தான் பி.ஆர்க். ஐந்து வருடம், பத்து செமஸ்டர், முழுநேரப் படிப்பு. நடுவில் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் நடைமுறைப் பயிற்சியும் உண்டு.

அடுத்து யுஜிசி. 2020 செப்டம்பரில் தொலைநிலை மற்றும் ஆன்லைன் படிப்புகளுக்கான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. எந்தெந்தத் துறைகளை அந்த வழியில் நடத்தக் கூடாது என்று அதில் ஒரு பட்டியலே இருக்கிறது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியர், மருந்தியல், சட்டம் போன்றவற்றோடு ஆர்க்கிடெக்சர் பெயரும் அதில் உள்ளது. ஆகவே எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமாக இருந்தாலும், என்ன நாக் கிரேடு வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் பி.ஆர்க் கொடுக்க முடியாது.

"ஆனா ஆன்லைன் டிகிரியும் ரெகுலர் டிகிரியும் சமம்னு யுஜிசியே சொல்லிடுச்சே?" என்று அட்மிஷன் ஏஜென்ட் கேட்பார். 2022 செப்டம்பரில் யுஜிசி அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் அது ஆன்லைனில் நடத்த அனுமதி உள்ள படிப்புகளுக்கு. பி.காம், எம்.பி.ஏ., எம்.ஏ. மாதிரி. அனுமதியே இல்லாத படிப்புக்குச் சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதி உண்மையைச் சொல்லி முழு ஃபீஸையும் வாங்குற வேலை இது.

"வெளிநாட்டு எம்.ஆர்க் இருக்கே?"

இதுதான் படித்தவர்களே ஏமாறுகிற இடம். ஏன்னா இதில் சொல்லப்படுகிற விஷயம் பொய்யில்லை.

அமெரிக்காவில் எம்.ஆர்க்கை ஆன்லைனில் நடத்தும் பல்கலைக்கழகங்கள் உண்மையிலேயே உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள அகாடமி ஆஃப் ஆர்ட் பல்கலைக்கழகம் அதில் ஒன்று. அந்த நாட்டில் ஆர்க்கிடெக்சர் படிப்புகளை அங்கீகரிக்கும் நாப் என்ற அமைப்பின் அங்கீகாரமும் அதற்கு இருக்கிறது. இன்னொரு விஷயம், அமெரிக்காவில் வேறு துறையில் பட்டம் பெற்றவர்களும் நேரடியாக எம்.ஆர்க் சேரும் வழி உண்டு. இதைப் பார்த்தவுடன் நம்ம மனசு கணக்குப் போடும்: "என்கிட்ட பி.இ. சிவில் இருக்கு. ஆன்லைனில் எம்.ஆர்க் முடிச்சா ஆர்க்கிடெக்ட்."

இந்தக் கணக்கு இந்தியாவில் செல்லாது. இங்கே எம்.ஆர்க் சேரவே பி.ஆர்க் வேண்டும். அடிப்படைப் பட்டம் பி.ஆர்க்தான், எம்.ஆர்க் அதன் மேல் கட்டும் மாடி. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைச் சான்று தருவது பற்றி யுஜிசி 2025 ஏப்ரலில் புது ஒழுங்குமுறை கொண்டுவந்தது. மருத்துவம், சட்டம், ஆர்க்கிடெக்சர் போல தனிச் சட்டமும் தனி கவுன்சிலும் உள்ள தொழில்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எனவே யுஜிசி வழியாகச் சுற்றி வரலாம் என்ற கதவும் மூடியிருக்கிறது.

அமெரிக்காவிலேயே கூட பட்டம் மட்டும் வாங்கினால் ஆர்க்கிடெக்ட் ஆகிவிட முடியாது. பெரும்பாலும் 3,740 மணி நேர அனுபவத்தைப் பதிவு செய்யணும். அதில் சுமார் பாதியாவது லைசென்ஸ் பெற்ற ஆர்க்கிடெக்டின் மேற்பார்வையில் செய்த வேலையாக இருக்கணும். பிறகு ஆறு பிரிவுகள் கொண்ட தேர்வு. அப்புறம்தான் லைசென்ஸ். வகுப்பு ஆன்லைனில் நடக்கலாம், அனுபவத்தை ஆன்லைனில் டவுன்லோட் பண்ண முடியாது. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும்தான் வரும்.

அமெரிக்கா போய் செட்டில் ஆகப் போகிறவருக்கு இது வேற கணக்கு. விழுப்புரத்திலேயே இருந்து தொழில் செய்யப் போகிறவருக்கு, ரூபாயில் பல பத்து லட்சம் போகிற இந்தப் பட்டம் சுவரில் மாட்ட மட்டும்தான் உதவும்.

ஏற்கெனவே இப்படி நடந்திருக்கு

"அங்கீகாரம் அப்புறம் வந்துடும் சார், முதல்ல சேருங்க" என்று யாராவது சொன்னால், 2017-ம் ஆண்டு வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒடிசாவில் நீர்ப்பாசனக் கழகம் ஒன்றில் வேலை பார்த்தவர்களின் பதவி உயர்வு தொடர்பாகத் தொடங்கிய வழக்கு அது. வேலையில் இருந்துகொண்டே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் வாங்கியிருந்தார்கள். அந்தப் படிப்புகளுக்கு ஏஐசிடிஇ அனுமதி இல்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 நவம்பர் 3-ம் தேதி தீர்ப்பு வந்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால்தான் அவை திரும்பச் செல்லும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவு.

கட்டணம் திரும்ப வரலாம். ஆனால் படித்த வருஷங்கள்? அந்தப் பட்டத்தை வைத்து வாங்கிய பதவி உயர்வு? அதை நம்பி எடுத்த வீட்டுக் கடன்? பாதிக்கப்பட்டவர்களில் பலர் உங்களை மாதிரியே சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரி கண் விழித்துப் படித்தவர்கள். உழைப்பில் குறை இல்லை. சேர்ந்த இடத்துக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான். அந்தத் தவறுக்கான விலையை, மேலே கையெழுத்துப் போட்டவர்களை விட, கீழே படித்தவர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள்.

இப்ப பணக் கணக்குக்கு வரலாம்

நம்ம சேனல்ல எப்பவும் சொல்றதுதான்: எந்த முடிவையும் எண்ணில் எழுதிப் பாருங்க. கீழே உள்ளவை உதாரணக் கணக்குகள். உங்க சம்பளம், உங்க கல்லூரிக் கட்டணம் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வழி: ஆன்லைன் "பட்டம்". 3 லட்சம் ரூபாய் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 10,250 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 3,69,000. இதில் வட்டி மட்டும் 69,000. சம்பளம் 25,000 என்றால் அதில் 41 சதவீதம் இந்தத் தவணைக்கே போகும். மூணு வருஷம் கழித்துக் கையில் இருக்கும் காகிதத்தை கவுன்சில் ஏற்காது. அரசு வேலைக்கு ஆர்க்கிடெக்ட் என்று விண்ணப்பிக்க முடியாது.

இரண்டாவது வழி: வேலையை விட்டுவிட்டு முழுநேர பி.ஆர்க். பொறியியலில் டிப்ளமோ முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பி.ஆர்க்கில் அந்த வசதி இல்லை. நாட்டா தேர்வு எழுதி முதல் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஐந்து வருடம் இழக்கும் சம்பளம்: 25,000 × 60 = 15 லட்சம். கட்டணம் வருடத்துக்கு 1 லட்சம் என்று வைத்தால் 5 லட்சம். ஹாஸ்டலும் சாப்பாடும் வருடத்துக்கு 80,000 என்றால் 4 லட்சம். ஆக மொத்தம் 24 லட்சம். வீட்டில் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு அந்த 4 லட்சமும் புதுச் செலவுதான். படித்து முடித்த பிறகு, இப்போதைய வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் சம்பளத்தைவிட மாதம் 15,000 கூடுதலாக வருகிறது என்று வைத்தாலும், 24 லட்சத்தை எடுக்க 160 மாதம் ஆகும். பதிமூணு வருஷத்துக்கும் மேல!

இதைப் பார்த்துட்டு "அப்ப படிக்கவே வேண்டாமா?" என்று கேட்காதீங்க. தொழில் மேல் உண்மையான ஆசை இருந்தால் பதிமூணு வருஷம் பெரிசில்லை. 22 வயதில் தொடங்குகிறவருக்கு அதற்குப் பிறகும் முப்பது வருஷத் தொழில் வாழ்க்கை இருக்கும். சீக்கிரம் சம்பளம் ஏறும் என்ற ஒரே காரணத்துக்காகப் போனால் மட்டும் ஏமாந்துபோவீங்க.

மூன்றாவது வழி: வேலையில் இருந்துகொண்டே திறமையை வளர்ப்பது. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் தளத்தில் கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் பாடங்கள் இருக்கின்றன. சேர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமானால் ஒரு பாடத்துக்குச் சுமார் 1,000 ரூபாய். வருடத்துக்கு நான்கு பாடம் என்றால் 4,000. ரெவிட் மாதிரி ஒரு பிம் மென்பொருளைப் பழக ஒரு நல்ல கோர்ஸ். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 30,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். முதல் வழியில் மாதம் 10,000 தவணை கட்டத் தயாராக இருந்தீங்க இல்லையா? அதே பணத்தில் மாதம் 7,500-ஐ ஆர்.டி.யில் போட்டால் மூணு வருஷத்தில் அசல் மட்டும் 2,70,000 இருக்கும். பின்னாடி முழுநேரமாகப் படிக்க ஆசை வந்தால், அதுதான் உங்க முதல் முதலீடு.

வரிச் சலுகை பற்றி ஒரு வார்த்தை. "கல்விக் கடன் வட்டிக்கு 80இ-ல வரி மிச்சம்" என்று சொல்லி விற்பார்கள். அந்தக் கழிவு பழைய வரி முறையில்தான், அதுவும் வட்டிக்கு மட்டும், அதிகபட்சம் எட்டு வருடம். வங்கி அல்லது அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் கல்விக் கடனாகவே எடுத்திருக்கணும். ஆன்லைன் கோர்ஸுக்கு ஒரு ஆப்பில் எடுத்த பர்சனல் லோனுக்குக் கிடையாது. ஆண்டு வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்கிற சம்பளக்காரருக்குப் புதிய முறையில் வரியே வராது. மாதம் 25,000 வாங்குகிறவருக்கு எந்த முறையிலும் வரி பெரிதாக இல்லை. இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிக்கிறது?

இந்தத் தடை நியாயமா?

இங்கேதான் என் சொந்தக் கருத்து வருகிறது. தடை பாதி நியாயம் என்று நினைக்கிறேன்.

நியாயமான பாதியை முதலில் பார்க்கலாம். ஆர்க்கிடெக்சர் படிப்பின் இதயம் ஸ்டுடியோ. ஒரு டிசைன் செய்து, மாடல் வெட்டி ஒட்டி, ஜூரி முன்னால் நின்று, அவர்கள் கிழித்துப் போட்டதை மறுபடி வரைய வேண்டும். பக்கத்து மேஜையில் இருப்பவர் செய்யும் தவறிலிருந்தும் கற்க வேண்டும். சைட்டில் நின்று மேற்கு வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது என்று தோலில் உணர வேண்டும். 2020, 2021 கொரோனா காலத்தில் ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளும் ஆன்லைனில்தான் வகுப்பு எடுத்தன. வரலாறு, மென்பொருள், விதிமுறைகள் போன்ற பாடங்களை அப்படி நடத்திவிடலாம். ஸ்டுடியோவை நடத்துவது கஷ்டம். அடுத்தவங்க தலைக்கு மேல் கூரை போடுகிற தொழிலுக்கு வீடியோ பார்த்துப் பட்டம் கொடுப்பதை நானும் ஆதரிக்க மாட்டேன்.

நியாயமில்லாத பாதி இதுதான். விழுப்புரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. திண்டிவனம் பக்கம் மேல்பாக்கத்திலும் ஒன்று இருக்கிறது. இரண்டும் பொறியியலுக்கு. ஆர்க்கிடெக்சருக்காகப் பலர் காட்டாங்கொளத்தூர், வண்டலூர், இல்லை சென்னைக்குள்ளே அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி என்று வெளியூர் போகிறார்கள். திண்டிவனத்திலிருந்து காட்டாங்கொளத்தூருக்கே சுமார் 80 கிலோமீட்டர். வேலை பார்த்துக்கொண்டு தினமும் போய் வருகிற தூரமா இது? சென்னையில் பிறந்த பையனுக்கு பஸ் பாஸ் செலவு. நம்ம ஊர்ப் பெண்ணுக்கு ஹாஸ்டல் செலவு, வீட்டில் சம்மதம் வாங்குற போராட்டம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், அதற்குக் கொடுக்கிற விலை ஒன்று இல்லை.

ஆன்லைன், முழுநேரம் என்று இரண்டே வழிதான் இருக்கணுமா? பிரிட்டனில் ரிபா ஸ்டுடியோ என்ற ஏற்பாடு கொண்டுவந்தார்கள். ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஆசிரியர் மேற்பார்வையில் டிசைன் செய்து தேர்வுக்குத் தயாராகும் முறை அது. 2018 முதல் இங்கிலாந்தில் அப்ரென்டிஸ் வழியும் வந்தது: சம்பளம் வாங்கிக்கொண்டே படித்து, கடைசியில் பதிவு பெறலாம். இங்கேயும் அப்படி ஒரு வழி வரணும். பாடங்கள் ஆன்லைனில், ஸ்டுடியோ வார இறுதியில், பயிற்சி உள்ளூர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில். அரசு கட்டிடங்களிலேயே சனி, ஞாயிறு காலியாகக் கிடக்கும் வகுப்பறைகள் எத்தனை இருக்கு! கவுன்சில் நினைத்தால் செய்யலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. "இப்படி வரணும்" என்பது நம்ம ஆசை. உங்க இஎம்ஐ இன்றைக்கு இருக்கிற சட்டத்தின் மேல்தான் நிற்கணும். நாளைக்கு விதி மாறும் என்று நம்பி இன்றைக்குக் கடன் வாங்குவது, ரோடு வரும் என்று நம்பி முள்ளுக்காட்டில் மனை வாங்குகிற மாதிரி.

யார் என்ன செய்யலாம்?

சிவில் டிப்ளமோ அல்லது பி.இ. முடித்தவர்கள்: உங்களுக்கு இது நல்ல செய்தி. 2020 மார்ச் 17-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சட்டம் பாதுகாப்பது ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப் பெயரைத்தான். கட்டிடம் வடிவமைக்கிற வேலையைப் பதிவு இல்லாதவர்கள் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்பது அதன் சாரம். அதே தீர்ப்பு, பதிவு இல்லாதவர்களை ஆர்க்கிடெக்ட் என்ற பெயருள்ள பதவியில் அமர்த்த முடியாது என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி பொறியாளர்களும் பதிவு செய்துகொண்டு தொழில் செய்யலாம். எனவே உங்க பாதை பதிவு பெற்ற பொறியாளர் ஆவது. தகுதியும் அனுபவமும் என்ன வேண்டும் என்று நகராட்சி அல்லது டிடிசிபி அலுவலகத்தில் நேரில் கேளுங்க. டிசைன் பண்ணுங்க, நல்லாவே பண்ணுங்க. கடைப் பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் "ஆர்க்கிடெக்ட்" என்று மட்டும் போடாதீங்க. அது குற்றம்.

ஏற்கெனவே பி.ஆர்க் முடித்தவர்கள்: நீங்க கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளலாம். தொழில் செய்ய எம்.ஆர்க் கட்டாயம் இல்லை. ஆன்லைனில் சுற்றுச்சூழல் வடிவமைப்பு, பிம், கட்டுமான மேலாண்மை என்று குறிப்பிட்ட திறமைக்காகப் படித்தால் பயன் உண்டு. கல்லூரியில் பேராசிரியர் வேலைதான் குறி என்றால் அங்கீகரிக்கப்பட்ட எம்.ஆர்க்கை நேரில் படித்தாக வேண்டும். ஆன்லைன் சான்றிதழ் அந்த இடத்தை நிரப்பாது.

ஐடி, வங்கி, கம்பெனி வேலையில் இருந்துகொண்டு ஆர்வத்தால் படிக்க நினைப்பவர்கள்: திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் நியோ டைடல் பார்க் திறந்த பிறகு இந்தப் பக்கம் உங்களை மாதிரி ஆட்கள் கூடியிருக்காங்க. உங்களுக்குப் பட்டம் தேவையில்லை. கற்கிற சுகம் போதும். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் விமானம் ஏறி வந்து மண் கட்டுமானம் கற்றுப் போகிற ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் நம்ம மாவட்டத்தில், வானூர் வட்டத்தில்தான் இருக்கு. 1989 முதல் இயங்குகிறது. மண்ணைச் சலித்து, கொஞ்சம் சிமெண்ட் கலந்து, அழுத்தி, சுடாத கல் செய்கிற பயிற்சியைக் கையால் செய்து கற்கலாம். செஞ்சிக் கோட்டை இருக்கு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்க்கப்பட்ட மராட்டிய ராணுவக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக்கு இருக்கிற ஒரே இடம். விழுப்புரம்-செஞ்சி வழியில் மண்டகப்பட்டு இருக்கு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பாறையில் கோயில் குடைந்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டு சொல்லும் இடம். 3 லட்சத்தில் வாங்குகிற பிடிஎஃப்களை விட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கெட்ச் புத்தகத்தோடு அங்கே உட்கார்ந்தால் அதிகம் கற்பீங்க.

ஆர்க்கிடெக்ட் ஆகியே தீரணும் என்பவர்கள்: முழுநேர பி.ஆர்க்தான் வழி. இரண்டு வருடம் திட்டமிட்டுப் பணம் சேருங்க. முதல் வருடக் கட்டணமும் ஆறு மாத வீட்டுச் செலவும் கையில் இருக்கட்டும். மீதிக்கு வங்கியில் முறையான கல்விக் கடன். படிப்பு முடியும் வரை தவணை தள்ளிவைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்க. நீங்க கற்ற ஆட்டோகேடும் ரெவிட்டும் வீணாகாது. படிக்கும்போதே பகுதிநேரமாக டிராஃப்டிங் செய்து செலவைச் சமாளிக்கலாம்.

"தடாவோ ஆண்டோ கல்லூரியே போகலையே, அவருக்கு 1995-ல பிரிட்ஸ்கர் பரிசு கிடைச்சதே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். குத்துச்சண்டை வீரராக இருந்து, கட்டிடங்களை நேரில் பார்த்தும், அஞ்சல் வழிப் பாடங்களில் வரையக் கற்றும் மேலே வந்தவர் அவர். ஆனால் கவனிங்க. அவர் அஞ்சல் வழியில் வாங்கியது திறமை. பட்டத்தை அல்ல. அதைத்தான் உங்களுக்கும் சொல்றேன்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இந்தப் படிப்பை முடித்தால் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் நான் பதிவு செய்ய முடியுமா? ஆம் என்றால் எழுத்தில் கொடுங்க.

2. கவுன்சிலின் இணையதளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகள் பட்டியலில் உங்க பெயர் எங்கே இருக்கிறது? காட்டச் சொல்லாதீங்க, நீங்களே தேடுங்க.

3. இது பட்டமா, டிப்ளமோவா, வெறும் சான்றிதழா? விளம்பரத்தில் "மாஸ்டர்ஸ் புரோகிராம்" என்று இருக்கும். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்க.

4. யுஜிசி அனுமதித்த ஆன்லைன் பட்டம் என்றால் சேர்க்கைக்கு டெப்-ஐடி வேண்டும். 2024 முதல் இது கட்டாயம். அதைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை என்றால் ஏன்?

5. நடுவில் நிறுத்தினால் பணம் திரும்ப வருமா? கோர்ஸை நிறுத்தினாலும் லோன் நிற்காது. லோன் கொடுத்தது வேறு கம்பெனி. தவணை தவறினால் சிபில் ஸ்கோர் அடிபடுவது உங்களுக்கு.

இந்த ஐந்துக்கும் நேரான பதில் வரவில்லை என்றால், "இன்னைக்கு ராத்திரிக்குள்ள கட்டினா 40 பர்சென்ட் தள்ளுபடி" என்று வரும் போனை தைரியமாக கட் பண்ணுங்க.

உங்க கைத்திறமைக்கு மரியாதை கிடைக்கணும் என்ற ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஊரில் பாதி வீடுகளை வரைந்தது உங்களை மாதிரி ஆட்கள்தான். பழகின மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். அந்தத் திறமைக்குச் செலவு பண்ணுங்க, பெயருக்குப் பண்ணாதீங்க. பெயர் வேண்டும் என்றால் ஐந்து வருஷம் நேரில் போய்ப் படிக்கணும். அதற்கான பணத்தை இந்த மாதச் சம்பளத்திலிருந்தே ஒதுக்க ஆரம்பிங்க. பில்டர் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் நண்பர் யாராவது இந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் ஓடிபி சொல்றதுக்கு முன்னாடி இதை அனுப்பிவிடுங்க. அடுத்த பதிவில் பார்க்கலாம்.